வாதம் வந்த பிறகு: அழுகை, சோர்வு, அசையாத மனம்

வாதம் (மூளை ரத்தக்குழாய் பழுதாகி வரும் ஸ்ட்ரோக்) அடித்து வீடு திரும்பியவரைப் பற்றி முதல் மாதம் எல்லாரும் கேட்பது கையையும் காலையும்தான். மூன்றாம் மாதம் கேள்வி மாறிவிடும். "முன்ன மாதிரி இல்லைங்க. நாள் பூராவும் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். எக்சர்சைஸ் செய்யச் சொன்னா செய்யறதில்லை. திடீர்னு அழறார். வீம்பு புடிக்கிறார்."

இந்த நாலு வரிக்குள் மூன்று தனித்தனி நோய்கள் ஒளிந்திருக்கலாம். மூன்றும் மூளை ரத்தக்குழாய் பழுதானதால் வருபவை. மூன்றையும் வீட்டில் 'வீம்பு' என்பார்கள், ஆஸ்பத்திரியில் 'டிப்ரஷன்' என்று ஒரே சீட்டில் எழுதிவிடுவார்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு, வீட்டார் நடந்துகொள்ள வேண்டிய விதமும் வேறு. அதனால்தான் முதலில் எது எதுவென்று பிரித்துவிட வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

முதலில் அழுகை. பேரன் ஓடி வந்து "தாத்தா" என்கிறான். அவர் முகம் சட்டென்று கோணுகிறது, உதடு துடிக்கிறது, குரல் உடைந்து விம்மல் வருகிறது. அரை நிமிடம், மிஞ்சினால் ஒன்றிரண்டு நிமிடம். குழாயை மூடியதுபோல் நின்றுவிடுகிறது. நின்ற பிறகு, "மனசுக்குள்ள கஷ்டமா இருக்கா?" என்று கேளுங்கள். "இல்லையே, அதுவா வருது, அடக்க முடியலை" என்பார். சிலருக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வரும். அதுவும் துக்க வீட்டில் வந்து மானத்தை வாங்கிவிடும். மூளையின் முன்பகுதியிலிருந்து மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் போகும் பாதைகள்தான் அழுகைக்கும் சிரிப்புக்கும் கடிவாளம். வாதத்தில் அந்தப் பாதை அறுபட்டால் சின்னத் தூண்டுதலுக்கே முழு அழுகை வந்துவிடும். வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முதல் சில மாதங்களில் இது இருக்கிறது.

இங்கே வீட்டார் செய்யும் தவறு அன்பினால் வருவது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்கள், "ஏம்ப்பா அழறீங்க, நாங்க இருக்கோம்ல" என்பார்கள், அழுகை இரட்டிப்பாகும். அவர் அழும்போது பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள், முகத்தையே பார்க்காதீர்கள். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லுங்கள், உட்காரும் வாகை மாற்றுங்கள். வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "அழுவார், தானா நிக்கும், கண்டுக்காதீங்க." இப்படிச் சொல்லாத வீடுகளில் அவமானத்துக்குப் பயந்து அவர் ஆட்களைப் பார்ப்பதையே நிறுத்திக்கொள்கிறார். அதிலிருந்து உண்மையான மனச்சோர்வு தொடங்குகிறது.

மருந்தும் இருக்கிறது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை, அதாவது செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் போன்றவை, மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவிலேயே இந்த அழுகையை அடக்கும். அதுவும் சில நாட்களிலேயே பலன் தெரியலாம். மனச்சோர்வுக்கு ஆகும் நாலு முதல் ஆறு வாரம் இதற்குப் பெரும்பாலும் ஆவதில்லை. இருமல் மருந்தில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனையும் குவினிடினையும் சேர்த்த ஒரு மாத்திரைக்கு அமெரிக்காவில் 2010-இல் இதற்கென்றே அனுமதி கிடைத்தது. குவினிடின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது, ஆகவே ஈ.சி.ஜி. பார்க்காமல் அதைத் தொடங்கக்கூடாது. இருமல் டானிக்கைக் குடித்தால் ஆகிவிடும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

அடுத்தது மனச்சோர்வு. வாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது, பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குள். "கை கால் விழுந்தா யாருக்குத்தான் வருத்தம் இருக்காது" என்ற நியாயம்தான் இங்கே பெரிய எதிரி. காரணம் புரிகிறது என்பதற்காக வைத்தியம் வேண்டாம் என்று ஆகிவிடாது. காலில் அடிபட்டதற்குக் காரணம் தெரிந்தாலும் கட்டுப் போடுகிறோம் அல்லவா? மனச்சோர்வு உள்ளவர் பிசியோதெரபியில் பாதியிலேயே கைவிடுவார், சாப்பாடு குறையும், பிரஷர் மாத்திரையைத் தள்ளிப்போடுவார். நடை திரும்பத் தாமதமாகும், அடுத்த வாதத்துக்கும் வழி திறக்கும்.

கண்டுபிடிக்க இரண்டே கேள்விகள் போதும். கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஈடுபாடோ சந்தோஷமோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தது? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து எத்தனை நாள் இருந்தது? ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' 0, 'சில நாள்' 1, 'பாதி நாளுக்கு மேல்' 2, 'அநேகமாக தினமும்' 3. இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால், பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை முழுதாகக் கேட்க வேண்டும். அதில் 27-க்கு 10 எட்டினால் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டிய நிலை. ஒரு எச்சரிக்கை: அசதி, தூக்கக் கேடு, பசியின்மை இவையெல்லாம் வாதத்தினாலேயே வரலாம். அதனால் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், அதிகாலை 3 மணிக்கே விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிறாரா, "நான் உங்களுக்கெல்லாம் பாரம்" என்கிறாரா, பிடித்த ஆள் வந்தாலும் முகம் மலரவில்லையா என்று பாருங்கள்.

பேச்சு போனவரிடம் இந்தக் கேள்விகள் செல்லாது. அவரும் சோர்வடைகிறார், இன்னும் அதிகமாகவே; சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அவரிடம் பார்க்க வேண்டியவை வேறு: கண்ணோடு கண் பார்ப்பதைத் தவிர்ப்பது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவது, ராத்திரி அமைதியில்லாமல் புரள்வது, தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, முன்பு ரசித்ததைக் காட்டினாலும் திரும்பாதது. கூடவே இருப்பவர் பார்த்து மதிப்பெண் போடுவதற்கென்றே படிவங்கள் இருக்கின்றன. பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். ஆமாம், இல்லை என்று தலையாட்ட முடிகிறவரிடம் ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்க வேண்டும். "சோகமா இருக்கீங்களா?" என்பதற்கும் தலையாட்டி, "சந்தோஷமா இருக்கீங்களா?" என்பதற்கும் அதேபோல் தலையாட்டினால், கேள்வி புரியவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் வீட்டை அதிகம் வதைப்பது, மிகக் குறைவாகக் கண்டுபிடிக்கப்படுவது. மனம் அசையாமல் நின்றுபோவது. தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவார்; வைக்காவிட்டால் மணி மூன்றானாலும் கேட்க மாட்டார். டி.வி. போட்டால் பார்ப்பார், அணைத்தால் அணைந்த டி.வி.யைப் பார்ப்பார். அழுகை இல்லை, "செத்துப் போகணும்" என்ற பேச்சில்லை, குற்ற உணர்வு இல்லை. "வருத்தமா?" என்றால் "இல்லை" என்பார், அது உண்மையும்கூட. பாதி சாப்பாட்டில் தட்டை எடுத்துப் பாருங்கள். மனச்சோர்வு உள்ளவர் "பரவாயில்லை, எனக்குப் பசியில்லை" என்று முகம் வாடுவார். இவர் ஒன்றுமே நடக்காததுபோல் இருப்பார். மனச்சோர்வில் நோயாளி வேதனைப்படுகிறார். இதில் வேதனைப்படுவது மனைவியும் மகளும்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், ஒரு காரியத்தைத் 'தொடங்கு' என்று சொல்லும் வேலை மூளையின் முன்பகுதி தனியாகச் செய்வதில்லை. முன்பகுதியிலிருந்து அடியில் உள்ள காடேட், பாலிடம் என்ற முடிச்சுகளுக்கு இறங்கி, தாலமஸ் வழியாகத் திரும்ப மேலே வரும் ஒரு சுற்று அது. இந்த அடிப்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் பலவும் தலைமுடி போன்ற மெல்லியவை. பெருங்குழாயிலிருந்து நேர்செங்குத்தாகப் பிரிந்து போகிறவை. பல வருடம் கட்டுப்படாத பிரஷர் முதலில் கெடுப்பது இவற்றைத்தான். குழாய்ச் சுவர் தடித்து, உள்வழி அடைபட்டு, 3 முதல் 15 மி.மீ. வரையிலான சின்னக் குழிகள் விழுகின்றன. கை கால் அசைவுக்கான பாதையில் குழி விழுந்தால் கை கால் விழும். காடேட்டிலோ தாலமஸிலோ விழுந்தால் கை கால் நன்றாக இருக்கும், ஆள் அசைய மாட்டார்.

இவருக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. கொடுத்தால் பெரும்பாலும் பலனில்லை. சிலருக்கு மந்தம் கூடவும் செய்யும். இங்கே 'தொடங்கு' என்ற கட்டளை வெளியிலிருந்து வர வேண்டும். "அப்பா, இன்னிக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் பதில் உண்டாக்கும் இடமே பழுதாகியிருக்கிறது. "அப்பா, எந்திரிங்க." எழுந்ததும், "இந்தாங்க சட்டை." போட்டதும், "வாங்க, கேட் வரைக்கும் போய்ட்டு வரலாம்." ஒரு சமயத்தில் ஒரே படி. தினமும் அதே நேரம், அதே வரிசை. தேர்வு கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு மட்டும்: காபியா, டீயா. முன்பு கை பழகிய வேலையை எடுத்துக் கொடுங்கள்: வெங்காயம் உரிப்பது, பூ தொடுப்பது, கணக்கு நோட்டில் கோடு போடுவது. கை தொடங்கிவிட்டால் பெரும்பாலும் தொடர்ந்து செய்வார். 'சோம்பேறி' என்று திட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

இந்த மூன்றும் ஒரே ஆளிடம் கலந்தும் வரும். அப்போதும் எது எவ்வளவு என்று பிரித்தால்தான் வைத்தியத்தை அளக்க முடியும்.

வாதமே வராதவர்களுக்கும் இது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 65 வயதுக்கு மேல் வாழ்க்கையில் முதல் தடவையாக மனச்சோர்வு, குடும்பத்தில் யாருக்கும் முன்பு இல்லை, ஆனால் 15 வருடமாக பிரஷரும் சுகரும். இப்படி ஒருவர் வந்தால் மூளையின் சின்னக் குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும். 1997-இல் அலெக்சோபோலஸ் குழுவினரும் கிருஷ்ணன் குழுவினரும் தனித்தனியாக இதை 'ரத்தக்குழாய் மனச்சோர்வு' என்று எழுதினார்கள். அழுகையைவிட மந்தம் தூக்கலாக இருக்கும். காலடி சின்னதாகி, தரையை உரசி நடப்பார். அவசரமாகச் சிறுநீர் வரும். ஞாபகம் சுமாராக இருக்கும், ஆனால் வரிசை தவறிவிடும்: நாற்பது வருடம் சாம்பார் வைத்த கை, பருப்பு வேகுமுன் தாளித்துவிட்டு நிற்கும், பேங்க் சலானில் எதை முதலில் நிரப்புவது என்று தடுமாறும். கடிகாரம் வரையச் சொன்னால் எண்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

எம்.ஆர்.ஐ.யில் ஃப்ளேர் என்ற படத்தில் இது வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். ஃபசேக்காஸ் என்ற அளவில் 0 முதல் 3 வரை குறிப்பார்கள். 60 தாண்டிய பலருக்கு 1 இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது. திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகியிருந்தால்தான் பேச்சு. ஸ்கேனுக்கு முன்பே தைராய்டு, பி12, சோடியம், சுகர், கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். இவற்றில் ஒன்று கெட்டாலும் இதே படம் வரும், சரி செய்வதும் எளிது. இவர்களுக்கு மாத்திரை வேலை செய்ய நாளாகும், சிலருக்குச் செய்யாமலும் போகும். ஒரு சிக்கலை எடுத்து, சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு வாரமும் ஒன்றாகத் தீர்க்கப் பழக்கும் பேச்சு சிகிச்சை இவர்களுக்கு நன்றாக உதவுகிறது. பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள், ஆனால் படுத்தும் நின்றும் இரண்டு தடவை அளந்து பாருங்கள். நின்றதும் மேல் அளவு 20-க்கு மேல் விழுகிறவருக்கு மாத்திரையைக் கூட்டினால், விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வார்.

இனி அவசரமானவை.

நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று காலை சம்பந்தமில்லாமல் பேசுகிறார். கை கால் எல்லாம் சரியாக அசைகிறது, வாய் கோணவில்லை. பேச்சு சரளமாக ஓடுகிறது, ஆனால் சொற்கள் கலவை; இல்லாத சொற்கள்கூட வரும். நாம் சொல்வது அவருக்குப் புரியவில்லை, புரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை, நம் மேல் கோபப்படுகிறார். பார்ப்பவர்கள் 'புத்தி பேதலிச்சிருச்சு' என்பார்கள், மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். இது இடது பொட்டுக்குப் பின்னால் உள்ள மொழிப் பகுதியில் விழுந்த வாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதுவும் கடைசியாக நன்றாக இருந்த நிமிடத்திலிருந்து. ஒரு பேனாவைக் காட்டிப் பெயர் கேளுங்கள், "கண்ணை மூடுங்க" என்று சைகை காட்டாமல் சொல்லிப் பாருங்கள். இரண்டில் ஒன்று முடியவில்லை என்றாலும் 108. ஆனால் இந்தச் சோதனைக்காகக்கூட நேரம் கடத்த வேண்டாம். மனநோய் ஒரே காலையில் ஐம்பது வயதுக்காரரின் மொழியைக் குலைப்பது மிக அபூர்வம்.

பிரசவமான பெண்ணுக்கும் இதே எச்சரிக்கை. குழந்தை பிறந்து சில நாள் அல்லது சில வாரத்துக்குள் விடாத தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு, பார்வை மங்கல், வலிப்பு. 'பேறுகால மனநோய்' என்று முடிவு செய்யுமுன், மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துவரும் சிரைகளில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று சிரைகளுக்கான ஸ்கேன் எடுக்க வேண்டும். சாதாரண சி.டி.யில் இது தப்பிவிடலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது ரத்தத்தைக் கெட்டியாக்கும்; அந்த வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வாதத்தில் அட்மிட் ஆனவர் இரண்டாம் மூன்றாம் நாள் ராத்திரி குழாயைப் பிடுங்குகிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார் என்றால் அது திடீர் மனக்குழப்பம், டெலிரியம். வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வரும். கட்டிப்போடுவதற்கு முன் தேட வேண்டியவை: சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலச்சிக்கலா, புரையேறி நுரையீரலில் சளி கட்டியிருக்கிறதா, சோடியம் குறைந்ததா, கண்ணாடியும் காது மெஷினும் வீட்டிலேயே இருக்கிறதா. தினமும் குடித்தவரா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குடி நின்ற இரண்டாம் மூன்றாம் நாள் வரும் நடுக்கமும் குழப்பமும் வேறு வைத்தியம் கேட்பவை. தயமின் ஊசி உடனே போக வேண்டும்.

மாத்திரைச் சீட்டில் ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள்: லெவெடிராசெட்டம். வாதத்துக்குப் பிறகு வலிப்புக்காகவும், சில சமயம் வலிப்பு வராமல் இருக்கவும் கொடுப்பார்கள். சிலருக்கு இது கடுங்கோபத்தையும் எரிச்சலையும் சோர்வையும் உண்டாக்கும். 'வாதம் வந்து ஆளே மாறிட்டார்' என்ற சில வீடுகளில், மாத்திரை தொடங்கிய தேதியும் குணம் மாறிய தேதியும் ஒன்றாக இருக்கும். தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம்; தேதிகளை எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அமிட்ரிப்டிலின், ட்ரைஹெக்ஸிஃபெனிடில், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள் ஆகியவை வயதான மூளையைக் குழப்பும், சிறுநீரை அடைக்கும்.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கும்போது அளவு பாதியிலிருந்து: செர்ட்ராலின் 25 மி.கி., எஸ்சிடலோப்ராம் 5 மி.கி. ஒன்றிரண்டு வாரத்தில் 50, 10 என்று போகலாம். 65 தாண்டியவருக்கு எஸ்சிடலோப்ராம் 10-க்கு மேல் பொதுவாக வேண்டாம். பசியும் தூக்கமும் போனவருக்கு ராத்திரி மிர்ட்டசபின் 7.5 மி.கி. நல்ல தொடக்கம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. தொடங்கி இரண்டு வாரத்தில் சோடியம் பார்க்க வேண்டும், முக்கியமாக ஹைட்ரோகுளோரோதயசைட் கலந்த பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு. 135-க்குக் கீழே இறங்கினால் தலைசுற்றல், தடுமாற்றம், மந்தம் வரலாம். அதை 'சோர்வு கூடிவிட்டது' என்று நினைத்து மாத்திரையைக் கூட்டினால் இன்னும் இறங்கும். ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் போடுகிறவருக்கு, எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையில் ஃப்ளூவாக்சமினும் ஃப்ளுவாக்செட்டினும் ஒத்துவராது. ஈரல் குளோபிடோக்ரெலை வேலை செய்ய வைப்பதை இவை தடுக்கும். எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோடு ஆஸ்பிரினோ வார்ஃபரினோ இருந்தால் கருப்பு மலம், ஈறில் ரத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது படிப்படியாக.

வாதம் வந்த எல்லாருக்கும் மனச்சோர்வு மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிடலாமே என்ற யோசனை சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. பிரிட்டனில் 3,127 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஃபோக்கஸ் ஆய்வில், ஃப்ளுவாக்செட்டின் 20 மி.கி. ஆறு மாதம் கொடுத்தும் கை கால் மீள்வதில் லாபமில்லை. புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. ஆகவே, சோர்வு வந்தவருக்குத் தாமதிக்காமல் கொடுக்கலாம், வராதவருக்கு வேண்டாம்.

கோபத்துக்கும் சந்தேகத்துக்கும் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், ஹாலோபெரிடால் வகைகளில் இன்னும் கவனம் வேண்டும். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவை வாதத்தையும் மரணத்தையும் கூட்டுகின்றன; மரணம் கூடுவதைப் பற்றி 2005-இல் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை விடுத்தது, 2008-இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதை நீட்டித்தது. அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் மட்டும், மிகக் குறைந்த அளவில், ஆறு வாரத்துக்கு ஒரு தடவையாவது 'இன்னும் வேண்டுமா' என்று கேட்டுக்கொண்டு. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரிக்காக எழுதிய மாத்திரை இரண்டு வருடம் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

சாவைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஆமாம் என்றால் மாத்திரைப் பெட்டியைப் பூட்டி ஒருநாள் அளவை மட்டும் வெளியே வையுங்கள். பூச்சிமருந்து வீட்டில் இருக்கவே கூடாது. தனியாக விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ், எண் 14416, ராத்திரி பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். பார்த்துக்கொள்கிறவரும் தனக்காக அந்த எண்ணைக் கூப்பிடலாம்.